புள்ளி மறைந்த பிறகு

கடல்நீர் தொட்டியில் மீன் மேல் ரவையைத் தூவினாற்போல வெண்புள்ளி தெரிந்ததும், கடைக்கு ஓடி ஏதாவது ஒரு மருந்தை வாங்கி வந்து ஊற்றுகிறோம். நாலைந்து நாளில் புள்ளி போய்விடுகிறது. பூண்டுச் சாற்றில் ஊறிய தீனியை மட்டும் போட்டிருந்தாலும் அது போயிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும். ஒட்டுண்ணி தன் அடுத்த கட்டத்துக்கு இறங்கிவிட்டது என்பதைத்தான் அந்த மறைவு சொல்கிறது. வெண்புள்ளிக்கென்று விற்கும் பாட்டில்களில் பாதிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் குழப்பம்தான் என்பது என் எண்ணம். மீனின் உடம்பைப் பார்த்து மருந்தை நிறுத்துவதை விட்டு, ஒட்டுண்ணியின் நாள்கணக்கைப் பார்த்து நிறுத்தினால்தான் தொட்டி தேறும்.

அந்தக் கணக்கு இப்படி ஓடுகிறது. கிரிப்டோகேரியான் என்ற இந்த ஒற்றைச் செல் உயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, திசுவைத் தின்று, 3 முதல் 7 நாள் வளர்கிறது. நம் கண்ணில் படும் புள்ளி இதுதான். மேலே தோல் மூடியிருப்பதால் தண்ணீரில் கலந்த மருந்து அதைத் தொடாது. வளர்ந்தபின் பெரும்பாலும் இருட்டு வேளையில் மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. உறைக்குள் ஒன்று இருநூறாகக்கூடப் பெருகும். உறையையும் மருந்து துளைக்காது. பிறகு உடைத்து வெளிவரும் நீந்தும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அந்தச் சிறிய இடைவெளி மட்டுமே. அவை அதிகமாக வெளிவருவது விடியலுக்கு முன்பு, மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கும் நேரத்தில். இன்னொரு சங்கடம், எல்லா உறைகளும் ஒரே நாளில் உடைவதில்லை. 3 நாளில் உடைவதும் உண்டு, சில வாரம் கிடப்பதும் உண்டு. 72 நாள் கழித்து வெளிவந்ததும் பதிவாகியிருக்கிறது. தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும் என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நன்னீர் வெண்புள்ளிக்கு ஹீட்டரைக் கூட்டிக் கொஞ்சம் கல் உப்பு போட்டால் வேலை நடக்கும். அது வேறு உயிரி. கடலில் இருப்பதற்கு 30 டிகிரி வெப்பம் நன்றாகவே ஒத்துக்கொள்ளும். உப்பிலேயே பிறந்ததற்கு உப்பைக் காட்டிப் பயனும் இல்லை. மாறாக உப்பைக் குறைத்து, லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 15-க்குக் கீழே இறக்கி வைத்திருக்கும் முறை உண்டு. ஆனால் குறைந்த உப்பைத் தாங்கும் வகைகளும் இருப்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஆகவே மீன்கள் அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும். புள்ளி இல்லாத மீனையும்தான். செவுளுக்குள் இருப்பது வெளியே தெரியாது. மருந்துத் தொட்டியில் மணல், லைவ் ராக் எதுவும் கூடாது. வெறும் கண்ணாடி, ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். காரணம், இங்கே மருந்தாகப் போடும் காப்பரின் குணம். சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் காப்பரை இழுத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த அளவு மறுநாள் பாதியாகிவிடும். சாதாரணக் காப்பர் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அதற்குக் கீழே போனால் குஞ்சு பிழைக்கும், மேலே போனால் மீனுக்கு ஆபத்து. பிணைத்து விற்கும் காப்பருக்கு அளவு வேறு, 2 மில்லிகிராமை ஒட்டி வரும். ஒன்றுக்கான டெஸ்ட் கிட்டை மற்றதற்குப் போட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தினமும் சோதித்து, இடையில் ஒரு நாளும் இறங்கவிடாமல், 30 நாள் பிடித்து வைக்க வேண்டும். இறங்கிவிட்டால் எண்ணிக்கை முதல் நாளிலிருந்து. இந்த வெறும் தொட்டியில் காப்பரை விட அதிக மீன்களைக் கொல்வது அம்மோனியாதான் என்று நினைக்கிறேன். ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியின் சம்ப்பில் போட்டுப் பழக்கி வைத்திருந்தால் அந்தக் கவலை குறையும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களில் பல காப்பரோடு சேரும்போது நஞ்சாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

‘வெண்புள்ளி எல்லாத் தொட்டியிலும் இருக்கிறது, நல்ல தீனி போட்டால் மீன் தானே எதிர்த்துக்கொள்ளும்’ என்பது பலரும் சொல்லும் மறுப்பு. இதில் பாதி சரி. ஒருமுறை பிழைத்த மீனுக்குச் சில மாதம் எதிர்ப்பு இருப்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அதற்காக எல்லாத் தொட்டியிலும் இருந்தே தீர வேண்டும் என்று ஆகாது. உறை கட்டி ஒட்டும் உயிரி தானாக முளைப்பதில்லை, யாராவது கொண்டுவந்து போட வேண்டும். எதிர்ப்புள்ள மீன்களின் செவுளில் அது சத்தமில்லாமல் தங்கியிருக்கும். புதிதாக ஒரு ப்ளூ டேங் மீனை விட்டதும் அதன் மேல் வெடிக்கும். அப்போது பழி புது மீன் மேல் விழுகிறது. யூவி விளக்கும் கிளீனர் இறாலும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் மீனுக்குப் பக்கத்துப் பாறையிலேயே பொரிவது பைப் வழியாக விளக்குக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருக்காது.

காப்பர் விஷம்தானே, நலமாக இருக்கும் மீனுக்கு அதைக் கொடுக்கலாமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. கொடுக்காமலும் முடியும். 3 நாளுக்கு ஒருமுறை மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, பழையதைக் காயவைத்துக்கொண்டே வந்தால், விழுந்த உறைகள் பொரியும் முன்பே மீன் இடம் மாறியிருக்கும். நான்கு மாற்றத்தில் வேலை முடிகிறது. காப்பர் ஒத்துக்கொள்ளாத மீன்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் வெல்வெட் எனப்படும் அமிலூடினியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி இருக்குமென்று சந்தேகம் வந்தால் தயங்கக் கூடாது. மீன் தீனியை விட்டு, பம்ப்பின் ஓட்டத்துக்கு எதிரே நின்று வேகமாகச் செவுள் அடிக்கும். புள்ளி தெரியும் முன்பே செத்தும் போகலாம். இடம் மாற்றும் முறையை அதற்கு நம்ப முடியாது. காப்பர்தான்.

இத்தனையும் செய்தவர் கடைசியில் ஒரு நத்தையிலோ பவளத் துண்டிலோ கோட்டை விடுவதுண்டு. ஒட்டுண்ணி அவற்றைப் பிடிப்பதில்லை. ஆனால் மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்த ஓட்டின் மேல் உறை ஒட்டியிருக்கலாம். காப்பரில் போட்டால் நத்தையும் பவளமும் செத்துவிடும் என்பதால் அவற்றுக்கு மீனில்லாத தனித் தொட்டி ஒன்று, அதே 76 நாள். வலை, குழாய், வாளி எல்லாம் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி. அதற்கு வசதியில்லை என்றால் அடுத்த தொட்டிக்குப் போகும் முன் முழுக்கக் காய வேண்டும்.