பவர் போடவா, சாதா போடவா?

சேந்தமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலை ஏறும் பைக்குகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் காரவள்ளிக்குப் போக வேண்டும். செயின் இறுக்க, பிரேக் பார்க்க, கிளட்ச் ஒயர் மாற்ற என்று நிறுத்துகிறவர்களில் பாதிப் பேர் கிளம்பும்போது கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, மலைக்குப் போறோம். பவர் பெட்ரோல் போட்டுக்கட்டுமா?"

"என்ன வண்டி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். வண்டியைத் தெரியாமல் பெட்ரோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்துஸ்தான் பெட்ரோலியம் வைத்த பெயர் பவர், பாரத் பெட்ரோலியத்தில் அது ஸ்பீடு, இந்தியன் ஆயிலில் எக்ஸ்பி 95. எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி பங்கில் போட்டாலும் பவர்தான். கேட்டவுடன் இழுவை கூடும், பிக்கப் ஏறும் என்று தோன்றுகிற பெயர்கள். விற்கிறவன் அப்படித்தான் வைப்பான், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்ரோலின் ஆக்டேன் எண் சொல்வது வேறு விஷயம்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அமுக்குகிறது. அமுக்க அமுக்கச் சூடு ஏறும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிளக் பொறி விடுகிறது. அங்கே பிடித்த தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். சில நேரம் தீ வந்து சேருவதற்குள் மூலையில் கிடக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே பற்றிக்கொள்ளும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, எளிதில் பற்றிவிடும் ஹெப்டேனுக்கு 0. 91 என்றால், ஐசோ ஆக்டேன் 91 பங்கும் ஹெப்டேன் 9 பங்கும் கலந்தால் சோதனை என்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோல். எண் கூடினால் பொறுமை கூடும். ஒரு லிட்டரில் இருக்கும் சக்தி அதனால் கூடுவதில்லை.

அந்தப் பொறுமை எந்த வண்டிக்கு வேண்டும்? அமுக்கம் அதிகமுள்ள வண்டிக்கு. பிஸ்டன் கீழே நிற்கும்போது இருக்கும் இடம் பத்துப் பங்கு, மேலே வந்து நிற்கும்போது ஒரு பங்கு என்றால் கம்ப்ரெஷன் 10:1. பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-க்கு இது வெறும் 6.5. மட்டமான பெட்ரோலையும் குடித்துவிட்டு ஓடட்டும் என்று செய்த என்ஜின் அது. பிறகு வந்த யூசிஇ என்ஜின் புல்லட்டில் 8.5, இப்போதைய கிளாசிக் 350-இல் 9.5. ஸ்பிளெண்டர் 10-ஐ ஒட்டி நிற்கும். ஆர்15 மூன்றாவது வெர்ஷன் 11.6, ஹிமாலயன் 450 11.5, டிரையம்ப் ஸ்பீடு 400 12. கேடிஎம் 390 டியூக் அதற்கும் மேலே. 6.5 புல்லட்டுக்கு 95 ஆக்டேன் ஊற்றினால் அந்த என்ஜினுக்கு அது தெரியவே தெரியாது. ஸ்பிளெண்டருக்கும் அப்படித்தான். பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் நாக் சென்சார் கிடையாது. சென்சார் இருந்தால் நல்ல பெட்ரோல் வந்திருக்கிறது என்று பார்த்து என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ, பொறி விடும் டைமிங்கை முன்னே தள்ளி, கொஞ்சம் கூடுதல் வேலை வாங்கும். இல்லாத வண்டி கம்பெனி எழுதிக்கொடுத்த டைமிங்கிலேயே ஓடும், நீங்கள் எதை ஊற்றினாலும்.

இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. ஸ்பிளெண்டரில் வரும் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பவர் தவிர வேறெதுவும் போட மாட்டார்.

"பையன் சொன்னானுங்க தம்பி, மைலேஜ் சேர்த்துக் குடுக்குமாம்."

"குடுக்குதுங்களா அய்யா?"

"அளந்து பாக்கலீங். ஆனா வண்டி ஸ்மூத்தாத்தான் போகுது."

"போன வாரம் ஆயில் மாத்துனோம், செயினைக் கழுவி எண்ணெய் விட்டோம், ரெண்டு டயருக்கும் காத்து சரி பண்ணுனோம். அதனாலீங்கய்யா."

அவர் சிரித்தார். அடுத்த முறையும் பவர்தான் போட்டிருப்பார். லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். மாதம் 20 லிட்டர் போடுகிறவருக்கு வருஷத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் வரை போகும். அந்தக் காசில் நேரத்துக்கு ஆயில், ஏர் ஃபில்ட்டர், பிளக் எல்லாம் மாற்றிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளலாம். ஸ்பிளெண்டர்காரருக்கு மைலேஜ் தருவது இந்த மூன்றும் டயர் காற்றும்தான்.

சரி, மலைக்கு வருவோம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் வேகம் குறைகிறது, ஓட்டுகிறவர் கியரைக் குறைப்பதில்லை, நாலாவதிலேயே ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகுகிறார். பின்னால் ஆள், பக்கத்தில் பை. அப்போது டேங்குக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரும், தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாற்போல. அதுதான் நாக்கிங். பலர் அதை டேப்பட் சத்தம் என்று நினைத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறார்கள். டேப்பட் தட்டினால் வண்டி நிற்கும்போதும் கேட்கும், என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். டைமிங் செயின் தளர்ந்தாலும் அப்படித்தான். நாக்கிங் லோடு இருக்கும்போது மட்டுமே வரும், ஆக்ஸிலேட்டரை விட்டால் அந்த நொடியே நின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் நான் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஓட்டச் சொல்வேன். சத்தம் வரும்போது "ரெண்டுக்குப் போங்க" என்பேன். இரண்டாவது கியருக்குப் போனதும் சத்தம் காணாமல் போனால் என்ஜினில் கோளாறு எதுவுமில்லை, கையிலும் காலிலும்தான் கோளாறு. அதற்குப் பவர் பெட்ரோல் மருந்தில்லை.

இன்னொன்று, மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைந்தால் அமுக்கமும் குறையும், ஆக்டேன் தேவையும் குறையும். ஊட்டி உயரத்தில் ஓடும் வண்டிக்குச் சமவெளியில் ஓடும் வண்டியைவிடக் குறைந்த ஆக்டேன் போதும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் 85 என்ற எண்ணில் பெட்ரோல் விற்பதற்கு இதுதான் காரணம். (அந்த நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "அங்க 87 தானே போடறாங்க" என்று வாதாடுகிற தம்பிகளுக்கு: அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம்முடைய 91.) ஆக, மலைக்கென்று தனியாக 95 வாங்க வேண்டியதில்லை. ஏப்ரல் வெயிலில், சமவெளியில், இரண்டு பேரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போதுதான் என்ஜின் அதிகம் திணறும்.

கியரைக் குறைத்த பிறகும் தட்டுகிற வண்டியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு 150 சிசி வண்டி. சாதா போட்டால் தட்டுகிறது, பவர் போட்டால் நிற்கிறது என்று அதன் சொந்தக்காரர் மாதக்கணக்கில் பவரிலேயே ஓட்டியிருந்தார். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் கறுப்பாகக் கார்பன், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வருகிறது. ரிங் தேய்ந்து ஆயில் மேலே ஏறி எரிந்த கார்பன். அது இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்ப்ரெஷன் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடிவிடுகிறது. போதாததற்குக் கார்பன் துணுக்குகள் கங்குபோலச் சூடேறிக் கிடந்து கலவையைப் பற்றவைக்கின்றன. கார்பனைச் சுத்தம் செய்து, ரிங் மாற்றி, வால்வு உட்கார வைத்துப் பூட்டினோம். சாதாவிலேயே சத்தமில்லாமல் போனது. அவர் அத்தனை மாதமும் பங்கில் கொடுத்தது தலைவலி மாத்திரைக்கான காசு, வைத்தியச் செலவு தனியாக வந்தது. தட்டுகிற வண்டியை அப்படியே ஓட்டினால் பிஸ்டன் விளிம்பு எலி கொறித்தமாதிரி பொடிந்து போவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பிரித்துப் பார்க்கும்வரை பவர் போட்டு ஓட்டுவது புத்திசாலித்தனம். அதையே வழக்கமாக்குவது புத்திசாலித்தனமில்லை.

எத்தனால் வந்த பிறகு சாதா, பவர் ஆக்டேன் கணக்கே மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. 2025-க்குள் சாதா பெட்ரோல் என்றாலே அதுதான் என்றாகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கும் மேல். அதைக் கலந்ததால் சாதா பெட்ரோலின் எண்ணும் ஏறியது. பிஎஸ் 2 புகை விதிக் காலத்தில் 88, பிஎஸ் 4-இல் 91, இப்போது 95 என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. அப்படியானால் 95 என்று எழுதிய பெட்ரோலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு? பெரும்பாலும் அதில் சேர்க்கும் சுத்திகரிப்பு மருந்துக்கு. இன்ஜெக்டர் முனையிலும் வால்வுத் தண்டிலும் படியும் பிசினை அது கரைக்கும், படியாமலும் தடுக்கும். இது நிஜமான பயன். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு சாதாரண வண்டிகளிலும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. கார்பரேட்டர் ஜெட்டை ஊசி மாதிரி ஒயரால் குத்திச் சுத்தம் செய்த காலம் போய்விட்டது, இன்ஜெக்டரில் அந்த வேலை நடக்காது. தினமும் டவுனுக்குள்ளேயே குறைந்த தூரம் ஓடுகிற இன்ஜெக்டர் வண்டிக்கு எப்போதாவது ஒரு டேங்க் பவர் போடுங்கள் என்று நானும் சொல்வதுண்டு. எப்போதாவது.

எத்தனாலால் மைலேஜ் குறைகிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து தப்பிக்கப் பவருக்கு மாறுகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 95 என்று எழுதிய பெட்ரோலிலும் எத்தனால் இருக்கிறது. பெயர் மாறியதால் அது போய்விடாது.

எத்தனாலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தண்ணீர். கார்பரேட்டர் வண்டி இழுத்து இழுத்து ஓடினால் ஃப்ளோட் பவுலின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைப்பேன். முன்பெல்லாம் தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாக உருளும், கண்ணுக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தன்னோடு கரைத்துக்கொண்டு தெளிவாகவே நிற்கிறது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், மேலே ஆக்டேன் குறைந்த பெட்ரோல் நிற்கும். மழைக்காலத்தில் அரை டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளில் இதைப் பார்க்கிறேன். வண்டியை ரொம்ப நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள், மூடி ரப்பரைப் பாருங்கள். பழைய வண்டி என்றால் பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் மாற்றிவிடுங்கள்.

100 ஆக்டேன் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி 100-ஐக் கொண்டு வந்தபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய், அப்போதைய சாதா விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது தேவைப்படுகிற வண்டி என் பட்டறைக்கு வந்ததில்லை. வருகிறவர்களில் யாரும் அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கம்ப்ரெஷன் 12-ஐத் தொடும் வண்டிக்காரர்கள் என்ன செய்வது? அந்த வண்டிகளுக்கு லிக்விட் கூலிங் உண்டு, நாலு வால்வு உண்டு, நம் ஊர்ப் பெட்ரோலை மனதில் வைத்துத்தான் டியூன் செய்து விற்கிறார்கள். ஆகவே எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேனுவலில் 91 என்று இருந்தால் சாதா போதும். 95 என்று இருந்தால், சாதாவும் இப்போது 95 என்று அமைச்சகம் சொன்னாலும், பங்கில் 95 என்று எழுதியிருப்பதையே போடுங்கள். அங்கே ஏழெட்டு ரூபாய் பார்ப்பது அற்பக் கணக்கு. இரண்டையும் கலக்கலாமா என்ற பயமும் வேண்டாம். பாதி சாதா இருக்கும் டேங்கில் பவர் ஊற்றினால், ஆக்டேனில் வித்தியாசம் இருந்தால் அது நடுவில் வந்து நிற்கும், வேறொன்றும் ஆகாது. "சாதா இல்லீங்ணா, பவர் மட்டும்தான்" என்று பங்கில் சொன்னால் நூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு அடுத்த பங்குக்குப் போங்கள்.

பெட்ரோலின் மேலேயே சந்தேகம் வந்தால் வகையை மாற்றாதீர்கள், பங்கில் கேளுங்கள். ஃபில்ட்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லவும், டென்சிட்டி பார்க்கவும், ஐந்து லிட்டர் அளவுக் கேனில் அளந்து காட்டச் சொல்லவும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் செய்து காட்டியாக வேண்டும். அதற்கும் முன்னால், சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை எடுத்து எரிபொருள் என்று போட்டிருக்கும் பக்கத்தைப் படித்துவிட்டுப் பங்குக்குப் போங்கள்.