புறாமலைக் கரையில்

நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஒரு கிலோமீற்றர்தான். படகிலிருந்து இறங்கிக் கரையில் கால் வைத்ததும் கலகலவென்று சத்தம், உடைந்த பீங்கானை மிதித்தது போல. குனிந்து பார்த்தால் மணலைவிட முருகைக்கல் துண்டுகள்தான் அதிகம். விரல் தடிப்பில், வெளுத்துப்போய், மேலெல்லாம் ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது.

மர நிழலில் ஒதுங்கி உட்காருகிறேன். சின்னத் தீவின் பாறைப் பக்கம் மாடப்புறாக்கள் எழுந்து ஒரு வட்டம் அடித்து மறுபடி அமர்கின்றன. தீவுக்குப் பெயர் கொடுத்தவை அவைதான். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா என்று அரசு காவல் போட்டதும் இந்த இடத்துக்குத்தான்.

ஏழு வயது இருக்கும், ஒரு சிறுமி சங்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு நண்டுக்கால் எட்டிப் பார்க்கிறது. தகப்பன் பையை விரித்துக் காட்டுகிறார். அவள் தலையாட்டி மறுத்துவிட்டு, சங்கை எடுத்த இடத்திலேயே வைக்கிறாள். அவர் பையைச் சுருட்டிக்கொள்கிறார். எனக்கு அவர் மேலும் மரியாதை வருகிறது.

தண்ணீருக்குள் வேறு கதை. கண்ணாடி மாட்டி நீந்திய ஓர் இளைஞர் களைத்துப்போய், மான்கொம்பு போலக் கிளைத்த முருகைக்கல் மேல் ஏறி நிற்கிறார். நண்பர் படம் எடுக்கிறார்.

“தம்பி, கால ஊண்டாதீங்க! படுத்த மாதிரி மிதங்க!” படகோட்டி கத்துகிறார்.

இளைஞர் சட்டென்று விலகுகிறார். அதற்குள் ஒரு கிளை முறிந்து கீழே போகிறது. திரண்ட பாறைபோல் வளரும் இனமென்றால், வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிய காரியம். கிளை விடுபவை வேகமாக வளரும்; முறிவதும் அவைதான்.

ஆரவாரம் அடங்கிய பிறகு, இடுப்பளவுத் தண்ணீரில் முதுகுச்செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று வருகிறது. பொதுவாக மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஒருவர் துரத்திக்கொண்டு நீந்த, மறைந்துபோகிறது. பக்கத்தில் அசையாமல் மிதந்த ஒரு பெண் அதை அதிக நேரம் பார்த்திருப்பார்.

புறாமலைக்குப் போகிறவர்களே, நீந்தக் களைத்தால் உயிர்காப்பு அங்கியில் மிதந்து வாருங்கள். காலை ஊன்றத்தான் வேண்டுமென்றால், வெறும் மணல் தெரியும் இடம் பார்த்து ஊன்றுங்கள்.