பாரமும் தரையும்: திருவண்ணாமலையில் கிரேன் பணி

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எழும் கட்டடங்களிலும், கல் இறக்கும் இடங்களிலும், கோயில் விழாக்களிலும் பெரிதும் காணப்படுவது, தொழிலாளர் வழக்கில் 'ஹைட்ரா' எனப்படும், பாரத்தைத் தூக்கியபடியே நகரவல்ல கிரேன் ஆகும். தொங்கும் பாரம் ஆடாதிருக்க உதவியாளர் ஒருவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டு வண்டியை ஒட்டி நடப்பது இப்பணியில் ஊறிப்போன பழக்கம். பூம் எனப்படும் தூக்குக்கையும் பாரமும் ஓட்டுநரின் பார்வையை மறைப்பதால், அவ்வுதவியாளர் இடறி விழுந்தாலும் வண்டி நிற்காது; பாரத்தின் முனையில் கயிறு கட்டி, எட்ட நின்று அதைப் பிடிப்பதே பாதுகாப்பான முறை.

'பதினான்கு டன் வண்டி' என்ற பேச்சு, பூம் குறுகியும் பாரம் வண்டிக்கு நெருங்கியும் இருக்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். பூம் நீண்டு, பாரம் வண்டியிலிருந்து விலக விலக, தூக்கும் திறன் விரைந்து குறைகிறது. எந்தத் தொலைவில் எவ்வளவு தூக்கலாம் என்பதைக் காட்டும் பார அட்டவணை ஓட்டுநர் அறையில் இருக்க வேண்டும் என்பதோடு, தூக்குமுன் அது படிக்கப்படவும் வேண்டும்.

கல்தூண் ஒன்றைக் கொண்டு இதை விளக்கலாம். மூன்று மீட்டர் நீளமும், பக்கத்துக்கு 60 செ.மீ. அகலமும் உள்ள கருங்கல் தூண், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் என்ற கணக்கில், ஏறத்தாழ 2.9 டன் எடை கொள்ளும். இரண்டு பெல்ட்டுகளை ஒரே கொக்கியில் மாட்டித் தூக்கும்போது, அவை கிடைமட்டத்துக்கு 60 பாகைச் சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 1.7 டன் இழுவையைத் தாங்குகிறது. நீளம் குறைந்த பெல்ட்டால் சாய்வு 30 பாகையாகத் தாழ்ந்தால், ஒவ்வொன்றின் மீதும் 2.9 டன் விழுகிறது. கல்லின் கூரிய விளிம்பில் சாக்கோ ரப்பரோ வைக்காமல் பெல்ட்டைச் சுற்றினால், அது அறுபடும் வாய்ப்பு மேலும் கூடுகிறது.

பாரத்தைப் போலவே தரையும் கணக்கில் வர வேண்டும். அண்டை மாவட்டமான ராணிப்பேட்டையில், நெமிலி அருகே கீழ்வீதி மண்டியம்மன் கோயில் விழாவில், 2023 ஜனவரி 22 இரவு, சாமிக்குரிய மாலைகளை வாங்க ஆட்கள் ஏறியிருந்த கிரேன் கவிழ்ந்து நான்கு பேர் உயிரிழந்தனர். சரக்கு தூக்குவதற்கான கிரேனில் ஆட்களை ஏற்றுவதும், மேடுபள்ளமான இடத்தில் பூமை உயர்த்துவதும், கூட்டத்தைப் பூம் விழும் தொலைவுக்குள் நிற்கவிடுவதும் தனித்தனியே விலக்க வேண்டிய தவறுகள். ஒருசேர நிகழ்ந்தால் அவற்றின் விளைவைத் தடுக்க எந்த ஓட்டுநராலும் இயலாது.

1996 ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த 1998 ஆம் ஆண்டு மத்திய விதிகள், பாரந்தூக்கிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தன. ஆனால் சான்றிதழ் வண்டியைப் பற்றியது. அன்றைய பாரத்தையும் அன்றைய தரையையும் அது அறியாது. ஆகவே சைகை காட்டுபவர் ஒருவரே என்று உறுதிசெய்வதும், 'நிறுத்து' என்னும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் அதற்குப் பணிவதும் கட்டாயமாக வேண்டும். வாடகையை மணிக்கணக்கில் எண்ணும் ஒப்பந்தக்காரரும் விழாக் குழுவினரும், அவ்வாறு நிறுத்திய தொழிலாளியைக் கடிந்துகொள்ளாதிருப்பதே விபத்துத் தடுப்பின் முதல் படி.