கடல் தாண்டிய தெரு

தமிழில் வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எழுதியவர்களில் பலருக்கும் ஒரே கவலைதான். தயிர்சாதம் கிடைக்கவில்லை, சைவ ஓட்டலைத் தேடி லண்டன் முழுக்க அலைந்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. நாம் தின்கிற கறியைத்தான் வெள்ளைக்காரனும் தின்கிறான். நம்முடைய பிரச்சினை சாப்பாட்டுத் தட்டில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நம்மூர்க்காரன் வாயில் இருக்கிறது.

போன வருஷம் இரண்டு வாரம் லண்டன் போயிருந்தேன். அங்கே எனக்கு இரண்டு பழைய சிநேகிதம். ஒருவன் மதுராந்தகம் பக்கம் என்னோடு ஒரே காலனியில் பிறந்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன். இப்போது ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்கி, ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். இன்னொருத்தி எங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பர்மிங்காமில் நர்ஸ்.

ஈஸ்ட்ஹாம் ஸ்டேசனை விட்டு வெளியே வந்தால் முருங்கைக்காய் விற்கிறார்கள். நகைக்கடை, இட்லிக்கடை, கோயில் எல்லாம் இருக்கிறது. தமிழிலேயே பேசி ஒரு நாளை ஓட்டிவிடலாம். "பாத்தியாடா, நம்மூரு மாதிரியே இருக்குல்ல?" என்றான். நம்மூர் மாதிரியேதான் இருந்தது. அது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது.

அவன் மனைவி எனக்காக மாட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். சன்னலையெல்லாம் சாத்திவிட்டு வைத்தாள். "கறி எங்கம்மா வாங்குன?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஸ்டேசன் தள்ளிப் போயி வாங்கியாந்தேண்ணா. இங்க வாங்குனா தமிழ் ஆளுங்க யாராவது பாத்துருவாங்க."

ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு உட்கார்ந்து மாட்டுக்கறி தின்கிற தேசம் அது. அந்தத் தேசத்தில் இவர்கள் கறியைப் பைக்குள் மறைத்து எடுத்துவருகிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. சிரித்துப் பேசுகிற ஆட்கள்தான். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்றார்.

"மதுராந்தகம் பக்கங்க."

"பக்கம்னா?"

"கிராமங்க."

"கிராமத்துல எந்தத் தெரு?"

பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் பறந்து வந்த தூரத்தை அந்த ஆள் மூன்று கேள்வியில் கடந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன், "ஏரிக்கரைப் பக்கங்க" என்று சொல்லி டி.வி.யைச் சத்தமாக வைத்தான்.

அவர்கள் போன பிறகு, "இருவது வருசமா இப்பிடித்தாண்டா ஓட்டறேன். பொண்ணுக்கே தெரியாது. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றான். மகளுக்குப் பதினாறு வயது. மாடியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் சுற்றவும் செய்தோம். டவர் பிரிட்ஜ், பக்கிங்காம் அரண்மனையெல்லாம் காலண்டரில் பார்த்த மாதிரியே இருந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் கால் நின்றுவிட்டது. காசு வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. 1845இல் வால்டர் எலியட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தோண்டியெடுத்து, சென்னைக்கு வந்து, பிறகு கப்பலேறியவை. எழும்பூர் மியூசியத்திலும் ஒரு பங்கு இருக்கிறது. புத்தரை இரண்டு ஊரும் பாகம் பிரித்து வைத்திருக்கின்றன.

செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம். 1930இல் அங்கே நடந்த வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளம் எங்கள் பக்கம்தான். 1893இல் 'பறையன்' என்றே பேர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். நண்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேர அட்டையிலயே போட்டாரா?" என்று மட்டும் கேட்டான்.

சனிக்கிழமை பர்மிங்காம்காரி வந்து சேர்ந்தாள். அவள் வீட்டு முன்னறையில் பாபாசாகேப் படம் மாட்டியிருக்கிறாள். யார் வந்தாலும் அதற்குக் கீழேதான் உட்கார வேண்டும். இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று அவளிடம் கேட்டேன். 2010இல் வந்த சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013இல் பார்லிமெண்ட் சொன்னது. இந்து அமைப்புகள் எதிர்த்தன. 2018இல், கோர்ட் தீர்ப்புகளே போதும் என்று அரசாங்கம் கைவிரித்துவிட்டது.

"வெள்ளக்காரனுக்கு நெறம் தெரியும்டா. தெரு தெரியாது" என்றாள். பிறகு நண்பனைப் பார்த்து, "இத்தினி வருசமா இங்க இருக்க, அந்த வீட்ட ஒரு தடவ பாத்திருக்கியா? நாளைக்கு எல்லாரும் போறோம். உம் பொண்ணும் வரட்டும்" என்றாள். அவனால் மறுக்க முடியவில்லை.

சாக் ஃபார்ம் ஸ்டேசனில் இறங்கி நடந்தால் கிங் ஹென்றீஸ் ரோடு. பத்தாம் எண் வீடு. 1921-22இல் அம்பேத்கர் தங்கிப் படித்தது அங்கேதான். 2015இல் மகாராஷ்டிர அரசு அதை வாங்கி நினைவகமாக்கியது. கூட்டம் வருகிறது, சத்தமாக இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் புகார் கிளம்ப, 2018இல் கேம்டன் கவுன்சில் அனுமதி மறுத்தது. 2020இல்தான் அனுமதி கிடைத்தது. செத்த பிறகும் அந்த மனிதருக்கு வீடு கிடைப்பது சுலபமாக இல்லை.

உயிரோடு இருந்தபோது பட்டதை அவரே எழுதியிருக்கிறார். ஐரோப்பாவும் அமெரிக்காவும், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டனவாம். 1917இல் திரும்பிப்போய் பரோடாவில் இறங்கியதும் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பேர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவருக்குக் கடல் தாண்டியது மறதியாவது கொடுத்தது. கேட்பதற்கு அன்றைக்கு அங்கே ஊர் இல்லை. இன்றைக்கு முருங்கைக்காயோடு ஊரும் வந்து இறங்கிவிட்டது. அதனால்தான் என் நண்பன் லண்டனிலேயே ஒரு பரோடாவில் குடியிருக்கிறான்.

உள்ளே அவர் படங்களைப் பார்த்தபடி பர்மிங்காம்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை, "அப்பா, ஆன்ட்டி ஏன் அழறாங்க? இவரு நமக்கு யாரு?" என்று கேட்டது. அவன் பதில் பேசாமல் வெளியே வந்தான். பக்கத்தில்தான் பிரிம்ரோஸ் ஹில். மேலே ஏறி பெஞ்சில் உட்கார்ந்தோம். லண்டன் மொத்தமும் கீழே தெரிந்தது. அங்கே வைத்துச் சொன்னான். காலனி, விடுதி, அவன் அம்மா ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தது, எல்லாம். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

"இதுல நீங்க ஒளிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு? அவங்கதான ஒளிக்கணும்?" என்றது பிள்ளை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அங்கிள் கேட்டா நான் சொல்லட்டுமா?" என்று கேட்டது.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "மொதல்ல நான் சொல்றேன். அப்பறம் நீ சொல்லு" என்றான்.

நான் ஊர் திரும்பி ஒரு மாசம் கழித்து போன் செய்தான். சொல்லிவிட்டானாம். அந்தக் குடும்பம் இப்போது வருவதில்லையாம்.

"போனா போறாங்கடா. ரெண்டு ஸ்டேசன் போற செலவு மிச்சம்" என்று சிரித்தான். சன்னலைத் திறந்து வைத்துத்தான் இப்போது குழம்பு கொதிக்கிறதாம்.