புள்ள வளக்குற லட்சணம்: ராமேஸ்வரம் கரைக் குறிப்புகள்

காதில் விழுந்தவை, விழுந்தபடி:

பாம்பன் பஸ் ஸ்டாப்: "தலைகூட சீவாம அனுப்பியிருக்கா பாரு."

ராமநாதபுரம் ஜவுளிக்கடை: "புள்ள தரையில உருண்டு அழுவுது, இவ பாட்டுக்குச் சேலை பாக்குறா."

தங்கச்சிமடம் மருந்துக்கடை: "இன்னும் டப்பாப் பால்தானா? நீ குடுக்கலையா?"

மண்டபம் ரயில் நிலையம்: "மூணு வயசாகியும் இடுப்பிலயே தூக்கிட்டுத் திரியுறா."

எல்லாம் பெண்களைப் பற்றி, பெரும்பாலும் பெண்களே சொன்னவை. அப்பாக்களைப் பற்றி ஏதாவது கிடைக்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்த ஒன்றும் பாராட்டாகவே இருந்தது: "பாவம், ஆம்பளயே புள்ளைக்குச் சோறு ஊட்டுறாரு."

*

அக்னி தீர்த்தம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதுக் குழந்தையோடு ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றாள். மூக்கைப் பிடித்து ஒரே முக்கு. குழந்தை வீறிட்டது. "சளி பிடிச்சா என்ன பண்ணுவா?" என்றார் படியில் நின்ற ஓர் அம்மாள். "மொட்டத் தலையில உப்புத் தண்ணி எரியாதா?" என்றார் பக்கத்தில் நின்றவர். குழந்தையின் அப்பா பத்தடி தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குப் பின்னாலேயே நானும் கோயிலுக்குள் போனேன். உள்ளே 22 தீர்த்தங்கள். கிணற்றுச் சுவர்மேல் நிற்கிற ஆள் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு கிணற்றிலும் அந்தப் பெண் செய்ததைப் பார்த்தேன். வாளி சரியும் நேரத்தில் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிவிடுவாள். தண்ணீர் முழுக்க அவள் தோளில் விழும். பிள்ளையின் நெற்றியில் ஒரு கையைக் கூரை மாதிரி வைத்திருந்தாள். அவள் தோளில் பட்டு வழிந்தது மட்டும் அதன் காலை நனைத்தது. பாதிக் கிணறுகளைத் தாண்டுவதற்குள் பிள்ளை சிரிக்கத் தொடங்கிவிட்டது. படியில் நின்று பேசியவர்கள் இதைப் பார்க்கவில்லை.

வேண்டுதலுக்காகக் கைக்குழந்தையைக் குளிர்ந்த நீரில் நனைக்கலாமா என்று கேட்டால், எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையில் நாலு சொட்டுத் தெளித்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் அந்த வேண்டுதல் அவள் வைத்ததா, மாமியார் வைத்ததா, யார் கண்டது?

*

சின்னப்பாலம். பாம்பனை ஒட்டிய மீனவர் ஊர். இங்கிருந்து பெண்கள் படகேறி மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. விரலுக்கு விரல் துணிச் சுற்று. கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையாலேயே பறிப்பார்கள். அந்த 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து வனத்துறையிடம் பிடிபடும் பயமும் சேர்ந்துகொண்டது. இந்தப் பெண்களுக்காக முன்னால் நின்று பேசிய லட்சுமிக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

தாய் கடலுக்குப் போனால் பிள்ளை அம்மாச்சியிடம், இல்லாவிட்டால் அப்பத்தாவிடம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கரையேறிய பெண்ணிடம் கேட்டார்: "பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுட்டு எப்படித்தான் போறீங்களோ?" ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே அவர் சொன்னார்: "கூட்டிட்டுப் போனா மட்டும் சும்மா இருப்பீகளா?"

நல்ல தண்ணீரில் கையை இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டார். உள்ளங்கை முழுக்கப் பாறை கிழித்த கீறல்கள். பிள்ளையின் கன்னத்தில் உரசாமல் இருக்கப் புறங்கையால்தான் தடவினார்.

*

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தாய். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிச் சீட்டு கையில். இரண்டு வயசுப் பையன் மடியில், பையன் கையில் போன். அதில் யானை பாட்டுப் பாடுகிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: "இந்த வயசுலயே போனா? கண்ணு கெட்டுப்போகும்மா."

சொன்னது தவறில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பெண் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. போனை வாங்கிப் பையில் போட்டாள். பையன் பெருங்குளத்தில் தொடங்கிய அழுகை உச்சிப்புளி வந்தும் ஓயவில்லை. இப்போது அதே பின் வரிசை: "இப்படியா அழ விடுறது?"

மண்டபம் வந்ததும் கூடையோடு ஏறிய ஒரு பூக்காரம்மா, யாரையும் எதுவும் கேட்காமல், "எங்கிட்டக் குடுத்தா" என்று பையனை வாங்கி ஜன்னல் ஓரம் நிறுத்திக்கொண்டார். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் புது ரயில் பாலம், 2025 ஏப்ரலில் திறந்தது. "அங்க பாரு, அந்த இரும்பு அப்படியே மேல போகும், கப்பல் அடியில போகும்" என்று கையை உயர்த்திக் காட்டினார். பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தாய் அந்த ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின் வரிசை சொன்னதில் அறிவு இருந்தது. பூக்காரம்மா செய்ததில் உதவி இருந்தது. அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியிருந்தது இரண்டாவதுதான்.

*

கீழக்கரையில் பல வீடுகளில் வாப்பா வெளிநாட்டில். பையன் பள்ளியில் அடிபிடி செய்தால் "தகப்பன் கண்டிப்பு இல்லாத வளர்ப்பு" என்கிறார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகில் போன அப்பா இலங்கைச் சிறையில் இருந்தால் அதே பேச்சு. இரண்டு இடத்திலும் உம்மாவோ அம்மாவோ இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும் எழுதினால் போதாது. பிறகு விரிவாக எழுத வேண்டும்.

*

ராமேஸ்வரம் மசூதித் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் ஆஷியம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன், அப்துல் கலாமின் தாய். இன்றைய கண்ணோடு ஒருவர் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

கலாம் 1931இல் பிறந்தவர். போர்க்காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி வர, அதைப் பொறுக்கிக் கடையில் போட்டுக் காசு பார்த்த சிறுவன். பிறகு ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போகத் தொடங்கியது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்தே வீசினார்கள். அதைப் பிடித்து எடுக்க உறவினர் சம்சுதீனுக்கு ஒரு கையாள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இந்தப் பையன் போனான். அதற்கும் முன்னால், விடியாத நேரத்தில் கணக்கு டியூஷன். குளிக்காமல் வருகிற பையனை அந்த ஆசிரியர் சேர்க்க மாட்டார். அதனால் தாய் அவனுக்கு முன்னால் எழுந்து, எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவார்.

பச்சைப் பிள்ளையை நாலு மணிக்குக் குளிர் நீரில் குளிப்பாட்டுகிறாள், ரயிலடிக்கு வேலைக்கு விடுகிறாள். வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது இதுதான். கலாம் எழுதிய இன்னொன்று வெளியில் தெரியாது. உணவுத் தட்டுப்பாட்டு நாளில், தாய் போடப் போடச் சப்பாத்தியைச் சாப்பிட்டு முடித்த பையனை அண்ணன் தனியே அழைத்துக் கண்டித்தார். அவன் சாப்பிட்டது தாயின் பங்கையும் சேர்த்து.

கஷ்டப்பட்டதால்தான் அவர் ஜனாதிபதி ஆனார் என்று முடிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தீவில் அதே காலத்தில் உழைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளியைத் தாண்டாமலே போனார்கள். இன்று ஓடும் ரயில் பக்கத்தில் ஒரு சிறுவனைப் பார்த்தால் நான் நிறுத்திக் கேட்பேன், எல்லாரும் கேட்க வேண்டும். ஆனால் கேள்வி அந்தத் தாயின் பாசத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அந்த வீட்டில் என்ன இல்லை என்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அதே கலாமின் பிள்ளைப் பருவத்தில் இன்னொரு பெற்றோரும் வருகிறார். ஐந்தாம் வகுப்பில் முன் வரிசையில், கோயில் அர்ச்சகர் பக்ஷி லட்சுமண சாஸ்திரியின் மகன் ராமநாத சாஸ்திரிக்குப் பக்கத்தில் தொப்பியோடு கலாம் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியர் அவரைப் பின் வரிசைக்கு அனுப்பினார். ராமநாதன் அழுதான். இருவரும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் முன்னாலேயே, பிஞ்சு மனதில் இந்த வேற்றுமையை விதைக்காதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போய்விடுங்கள் என்றார். ஆசிரியர் வருந்தினார்.

அடுத்த வீட்டுப் பிள்ளை விஷயத்தில் ஒரு பெற்றோர் தலையிட்டால் அது இப்படி இருக்க வேண்டும். தன் செல்வாக்கை அந்தப் பிள்ளைக்காகச் செலவழித்தார், அதிகாரம் உள்ளவரைப் பார்த்துப் பேசினார். பின் வரிசைக்குப் போன பையனின் வீட்டில் குற்றம் தேடவில்லை.

*

"வீட்டுல ரெண்டு தோசை சுட்டுக் குடுக்க முடியலையா, பள்ளிக்கூடத்துல போய்க் காலைச் சாப்பாடு சாப்பிட வைக்கிறாளே!" இதைச் சொன்னவரும் ஒரு தாய்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல்.

இந்தக் கரையில் அடுப்பு எரியும் நேரத்தைத் தீர்மானிப்பது கடல். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும். மற்ற நாளில் நாட்டுப்படகு. படகு கரைக்கு வரும் விடியல் நேரத்தில் ஏலத்தில் நின்று மீன் எடுக்காவிட்டால் கூடைக்காரிக்கு அன்றைக்கு வியாபாரமே இல்லை. அந்த நேரமும் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. காமராஜர் 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்ததும் இந்த மாதிரி வீடுகளை நினைத்துத்தான். பிள்ளை பசியில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இதில் தாய் வெட்கப்பட என்ன இருக்கிறது?

*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். பையன்கள் அப்பாவோடு உட்கார்ந்து வலையில் பொத்தல் அடைப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு "குழந்தைத் தொழிலாளி" என்பார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்றுதான் 2016இல் திருத்திய சட்டம் சொல்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் பையன் கரைவலைக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தால் அது வேறு. அங்கே படம் எடுப்பதை விட 1098க்கு ஒரு போன் போடுவது நல்லது.

*

பிள்ளைக்குச் செரிக்காமல் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, பிறந்த பிள்ளைக்குக் கழுதைப்பால் புகட்டுவது. இரண்டும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "படிக்காத ஜனம்" என்று தொடங்கினால் ஒருத்தர்கூடக் காது கொடுப்பதில்லை. கூடவே ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வரிசையில் நின்றால், அடுத்த முறை அவர்களே கூப்பிடுகிறார்கள்.

*

அரிச்சல்முனை, ராமேஸ்வரம் தீவின் கோடி. 2017இல் சாலை போட்ட பிறகு காரிலேயே முனை வரைக்கும் போகிறார்கள். இங்குள்ளவர்கள் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல். இரண்டும் முட்டும் இடம் அது. கரையை ஒட்டியே ஆழம் விழும், அடியில் இழுப்பு இருக்கும். குளிக்கத் தடை. அங்கே பிள்ளையை அலையில் நிறுத்தி, இவர்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்டோ எடுக்கிறார்கள்.

சீவாத தலைக்கும் டப்பாப் பாலுக்கும் பஸ்ஸில் அழுகைக்கும் உங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. இங்கே திறக்க வேண்டும். அந்தப் பெற்றோர் முகம் சுளித்தாலும், "நீ யாரு கேக்குறதுக்கு?" என்றாலும் பரவாயில்லை. அரிச்சல்முனையில் தண்ணீரில் தனியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் தயவுசெய்து கத்துங்கள், ஓடிப்போய்க் கையைப் பிடித்து மேலே இழுங்கள்.