எது அந்த வண்டி?

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு காரின் அடையாளத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. காரின் பெயர் 'ஓல்ட் நம்பர் ஒன்'. 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பெண்ட்லி ஸ்பீட் சிக்ஸ். இரண்டு முறையும் ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பார்னட்டோ. இந்த வண்டியை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பிறகு பின்வாங்கியது. 'லே மானில் ஓடிய வண்டி இது இல்லை' என்பது அவர்கள் வாதம். விற்றவர் வழக்குப் போட்டார்.

வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அந்த வண்டியில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1932-இல் 8 லிட்டர் இன்ஜின் வைத்து, புது உடல் கட்டி, புரூக்லேண்ட்ஸ் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். சாய்வுத் தடத்தின் விளிம்பைத் தாண்டி வண்டி வெளியே பாய்ந்ததில் கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். நொறுங்கியதை எடுத்து, சாலையில் ஓட்டும் கூப்பே காராக மறுபடி கட்டச் செய்தார் பார்னட்டோ.

நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாகக் கணக்குப் பார்த்தார். 1929-இன் வண்டியில் மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1930-இன் வண்டியிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் கூடு, ஸ்டீயரிங் தண்டு. அவ்வளவுதான். ஆனாலும் இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். எந்தக் கட்டத்திலும் அந்த வண்டி இல்லாமல் போய்விடவில்லை, ஒன்று முடிந்து வேறொன்று தொடங்கவில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி எங்கள் பட்டறையில் பேசாத மாதம் கிடையாது. இங்கிலாந்தின் தென்பகுதியில், போருக்கு முந்தைய பந்தயக் கார்களைச் சீர்செய்யும் சிறிய பட்டறை அது. நான் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் முடித்து, மாமாவின் லேத் பட்டறையில் கை பழகி, இங்கே வந்து சேர்ந்தவன். தேய்ந்த கியர், விரிசல் விட்ட கூடு, வளைந்த அச்சு என்று எது வந்தாலும் அளவெடுத்துப் புதிதாகச் செய்து கொடுப்பது என் வேலை. அதாவது, ஒவ்வொரு பழைய வண்டியையும் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசாக்குவது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பந்தயக் கார் என்பதே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இடித்து நொறுங்கினால் அடுத்த ஞாயிறுக்குள் வேறு அச்சு, வேறு இன்ஜின் பொருத்தி அனுப்புவார்கள். எந்தப் பாகமும் மாறாத பந்தயக் காரைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்: இது ஓடவே இல்லையோ?

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கழற்றிப் போட்ட பாகங்களும் எங்கோ உயிரோடு இருக்கின்றன. ஒருவர் பழைய இன்ஜினை வாங்கி அதைச் சுற்றி ஒரு வண்டி கட்டுகிறார். இன்னொருவரிடம் பழைய சேஸி இருக்கிறது, அவரும் ஒன்று கட்டுகிறார். இருபது வருடம் கழித்து ஒரே எண்ணோடு இரண்டு வண்டிகள் நிற்கும். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

சட்டத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. மறுபடி கட்டிய வாகனம் தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள, பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நீண்ட காலம் புள்ளி போட்டுப் பார்த்தது. சேஸிக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு வெறும் 1. குறைந்தது 8 வேண்டும். இன்ஜின்தான் உயிர் என்று நினைக்கும் பந்தயக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

கம்பெனிகளும் சும்மா இல்லை. 1960களில் ஜாகுவார் லைட்வெயிட் ஈ-டைப் 18 கட்டத் திட்டமிட்டு 12 மட்டுமே கட்டியது. 2014-இல், மிச்சமிருந்த 6 சேஸி எண்களையும் எடுத்துப் புதிதாக 6 வண்டிகள் கட்டப்போவதாக அறிவித்தது. எண் அந்தக் காலத்தது, உலோகம் இந்தக் காலத்தது. ஆனால் அது வெளிப்படையாகச் சொல்லிச் செய்தது. யாரும் ஏமாறவில்லை.

என்னிடம் வந்த வேலை அப்படிப்பட்டதல்ல. 1930களின் பந்தயக் கார் ஒன்று. அலுமினிய கிராங்க்கேஸ் நெடுக விரிசல், ஒட்டவைக்க வழியில்லை. மர அச்சு செய்து, பவுண்டரியில் புதிதாக வார்த்து, நான் கடைந்து முடித்தேன். உரிமையாளர் வந்து பார்த்தார், தடவிக் கொடுத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "பழைய எண்ணை இதில் அடித்துவிடுவீர்கள்தானே?"

நாங்கள் செய்யும் எந்தப் பெரிய பாகத்திலும் பட்டறையின் முத்திரையும் செய்த ஆண்டும்தான் அடிப்போம். அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என் வண்டி, என் எண், நான் யாரையும் ஏமாற்றவில்லையே" என்றார். பழைய கிராங்க்கேஸை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். அதை வாங்க ஒருவர் இருக்கிறாராம்.

அந்த ஞாயிறு மாமாவிடம் போனில் சொன்னேன். அவர் முதலில் அந்த ஆள் பக்கம்தான் பேசினார்.

"ஏன் மாப்ள, திருவாரூர் ஆழித்தேர் 1926-ல எரிஞ்சு போச்சுல்ல? அப்புறம் புதுசா செஞ்சாங்க. இன்னிக்கு அதை யாராச்சும் டூப்ளிகேட் தேருன்னு சொல்றாங்களா? அதே தேரு, அதே பேரு."

"தேரை யாரும் விக்கறதில்லையே மாமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுவும் சரிதான். விக்கறப்பதான் இந்தக் கேள்வியே வருது" என்றார். பிறகு, "பாகம் நீ பண்ணுனது. அதுல வேற எவனோ பண்ணுன மாதிரி நம்பர் போட்டா, உன் வேலையை நீயே இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிருமே. அடிக்காத மாப்ள."

எனக்கு அந்தக் கோணம் தோன்றியிருக்கவில்லை. நான் வரலாற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர் கைவேலையைப் பற்றிப் பேசினார்.

அடிக்கவில்லை. முதலாளி என் பக்கம் நின்றார். உரிமையாளர் பாக்கியைக் கொடுத்துவிட்டு வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். அந்த ஆண்டு முடிய வேண்டிய வேலை பாதிக்குமேல் அதில்தான் இருந்தது. குளிர்காலத்தில் எங்களுக்கு வாரம் நாலு நாள்தான் சம்பளம். சக தொழிலாளி ஒருவர் என்னிடம் சில வாரம் சரியாகப் பேசவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவர் கோபத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஏலப் பட்டியலில் அதே வண்டியைப் பார்த்தேன். 'எண்கள் எல்லாம் பொருந்துகின்றன' என்று எழுதியிருந்தது. கிராங்க்கேஸின் படமும் இருந்தது. என் முத்திரை இருந்த இடம் வழவழப்பாக இருந்தது, பக்கத்தில் பழைய எண். வேலைப் புத்தகத்தின் பக்கத்தையும் வார்ப்பின் படங்களையும் ஏலக்காரர்களுக்கு அனுப்பினேன். பட்டியலில் அந்த வரி மாறியது: 'பிற்காலத்தில் செய்த கிராங்க்கேஸ்.' வண்டி விற்றுப்போனது.

அது பொய் வண்டி என்று நான் நினைக்கவில்லை. ஆட்டன் சொன்ன கணக்கில் பார்த்தால் அது அந்த வண்டியேதான். என் கிராங்க்கேஸும் இனி அதன் கதையில் ஒரு பகுதி. உலோகம் மாறுவதால் வண்டி பொய்யாவதில்லை. எப்போது, யார் கையால், எது மாறியது என்பதை அழிக்கும்போதுதான் பொய்யாகிறது. தொடர்ச்சிதான் அடையாளம் என்றால், அந்தத் தொடர்ச்சியில் ஒரு கண்ணியை ஒளிப்பவர் வண்டியின் அடையாளத்தையே கொஞ்சம் வெட்டி எடுக்கிறார், அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

இப்போது எங்கள் பட்டறையில் முத்திரையைத் தேய்த்து எடுக்க முடியாத இடமாகப் பார்த்து, கூட்டின் உட்பக்கத்தில் இன்னொன்று அடிக்கிறோம். இன்ஜினைப் பிரித்தால் மட்டுமே தெரியும். பந்தயத்தில் ஓடும் வண்டி என்றால் ஒரு நாள் எப்படியும் யாரோ பிரித்துத்தான் ஆகவேண்டும்.