வேதாரண்ய யாத்திரை

திருச்சி பாலக்கரைவாசிகளுக்கு வெளியூர் செல்லும் ஆசை எளிதில் உண்டாவதில்லை. கண்ணுக்கெதிரே மலைக்கோட்டை, காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், நடுவே ஓயாத ஜன நடமாட்டம். இத்தனையும் இருக்கையில் வேறென்ன வேண்டும்? அவர்களிடம் போய் வேதாரண்யத்துக்குப் புறப்படுகிறேன் என்றால், "அங்கே உப்பும் காற்றுந்தானே ஐயா இருக்கின்றன!" என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் உப்பையும் காற்றையும் வைத்துக்கொண்டே ஓர் ஊர் நம்மை இரண்டு நாள் ஆனந்தத்தில் ஆழ்த்திவிடக் கூடும்.

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் காற்றில் உவர்மணம் ஏறுகிறது. 2004-ல் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் அகஸ்தியம்பள்ளி வரை வந்தது. அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது.

ஊருக்குத் தேவாரப் பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூஜித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவைத் திறக்க அப்பர் பெருமான் ஒரு பதிகம் பாடவேண்டியிருந்ததாம். அதை மறுபடி மூடச் சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதுமாயிற்றாம். அம்பிகையின் திருநாமம் யாழைப் பழித்த மொழியாள். அவள் குரலுக்கு முன் வீணை எடுபடாது என்று, இந்தக் கோயில் சரஸ்வதி கையில் வீணையின்றி இருக்கிறாள். "வேதாரண்யம் விளக்கழகு" என்பது பழமொழி. சந்நிதியில் சற்று நேரம் நின்று பார்த்தால் பழமொழியில் மிகையில்லை என்பது புலனாகும். திருச்சிக்காரர்களுக்கு மற்றொரு செய்தி: தாயுமானவரின் தந்தை கேடிலியப்ப பிள்ளை இந்த ஊர்க்காரர், நாயக்க மன்னரின் அழைப்பால்தான் திருச்சிக்கு வந்தார்.

இரண்டு ஊர்களையும் பிணைத்த இன்னொரு பிரயாணமும் உண்டு. 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாமக்கல் கவிஞர் அவர்களுக்கென்றே ஒரு நடைப்பாட்டு இயற்றித் தந்தார். கும்பகோணம் முதலிய ஊர்களைச் சுற்றிக்கொண்டு 150 மைல் நடந்து, 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைவாசம் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

30-ந் தேதி உப்பெடுத்த ராஜாஜி அன்றே கைதானார். உள்ளூரில் எல்லாவற்றுக்கும் தோள் கொடுத்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவர் 1946-ல் நிறுவிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் எத்தனையோ பெண்களுக்குக் கல்வியளித்தது. வைரப்பன் என்ற சவரத் தொழிலாளியின் நினைவும் இங்கே போற்றப்படுகிறது. தம்மிடம் சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதியில் கத்தியை வைத்துவிட்டு, அதற்காகச் சிறைக்கும் போனவர் அவர். பெரிய தலைவர்கள் வந்து போனார்கள். வைரப்பன் ஊரிலேயே இருந்து தைரியத்தைக் காட்டினார்.

அகஸ்தியம்பள்ளி நினைவு ஸ்தூபிக்கு அருகே நின்றால் உப்பளங்கள் கண்ணெட்டிய தூரம் விரிகின்றன. பாத்திகளில் தேங்கிய உவர்நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டி, அடியில் பளிங்கு போல் உப்புப் பூக்கிறது. ஆண்களும் பெண்களும் அதை வாரிக் குவிக்கிறார்கள். ஐப்பசி மழை வந்தால் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் இப்பக்கத்துத் தென்னை மரங்களையும் மாமரங்களையும் வேரோடு சாய்த்தது. அவ்வளவுக்குப் பிறகும், வழி கேட்டால் கூடவே வந்து காட்டிவிட்டுப் போகும் சுபாவம் மட்டும் இந்த ஜனங்களிடம் சாயவில்லை.

அடுத்த விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்று யோசிக்கும் பெற்றோர்கள் கொடைக்கானலை ஒரு வருஷம் ஒத்தி வைக்கலாம். உப்பளத்து வரப்பில் ஒரு பிடி உப்பைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்து, இதற்காக மனிதர்கள் சிறை சென்ற கதையைச் சொல்லுங்கள். அப்புறம் சாப்பாட்டில் உப்பிடும்போதெல்லாம் வேதாரண்யம் தானாகவே அதன் நினைவுக்கு வரும்.